பானெட்டில் உள்ளங்கை அளவு

விவேக் அந்தக் காரை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்த காலையில் எனக்கு வலது தோளைத் தூக்கவே முடியவில்லை. வேலை வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் வாசலுக்குப் போனேன். இந்த மாசாய் ஊரில் கார் பாலிஷ் போட என்னை விட்டால் ஆளா இல்லை? பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் பிளாஸ்டிக் பாகங்களுக்கு மெருகு போட்டேன். ஆட்குறைப்பில் வெளியே அனுப்பினார்கள். அன்றிலிருந்து வீட்டுப் போர்ச்சில் கார்களுக்கு மெருகு போடுகிறேன். நாற்பத்தெட்டு வயதாகிறது. தேய்ப்பதைத் தவிர இந்தக் கை வேறெதுவும் கற்றுக்கொள்ளவில்லை, இப்போது அதற்கும் வலிக்கிறது.

லோரியிலிருந்து கார் இறங்கியது. பழைய வால்வோ. ஒரு காலத்தில் மங்குஸ்தான் தோல் நிறத்தில் இருந்திருக்கும். இப்போது சுண்ணாம்பு பூசிய ரோஜா நிறத்தில், பார்க்கவே சகிக்காமல் இருந்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். 4172. வேண்டாம் என்று சொல்ல வந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

அந்த எண் என் அப்பா வேலு ஓட்டிய காரின் எண். குளுவாங்கில் வைரவன் என்ற வழக்கறிஞரிடம் அவர் பதினோரு வருடம் டிரைவராக இருந்தார். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது ஒருநாள் அந்த பானெட்டில் உள்ளங்கை அளவுக்கு வெளுத்துப்போய் ஓர் இடம் இருப்பதை வைரவன் கண்டார். பறவை எச்சத்தைப் போக்க அப்பா பாத்திரம் தேய்க்கும் பவுடரைப் போட்டுத் தேய்த்துவிட்டார் என்று முடிவு கட்டினார். இல்லை என்றார் அப்பா. "செஞ்சதோட பொய் வேற சொல்றியா வேலு" என்று ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த இரண்டு கிராணிகள் முன்னால் கேட்டுவிட்டு, அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

எங்கள் வீடிருந்த சிம்பாங் ரெங்கம் எஸ்டேட்டுக்கு அப்பா பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் சேதி வந்து இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. முதுகு விட்டுப்போகும் வரை செம்பனைக் குலை வெட்டினார். வேலை போனதைக்கூட அவர் மறந்திருப்பார். பொய் சொல்கிறான் என்றார்களே, அதைத்தான் முப்பத்தைந்து வருடமாக மென்றுகொண்டிருக்கிறார். கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், 4172 கதை தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அவரை நம்பவில்லை. பெயிண்ட் வேலை தெரிந்த பிறகு நம்பிக்கை இன்னும் குறைந்தது. வெளுத்த இடம் தானாக வராது, யாரோ தேய்த்தால்தான் வரும். அப்பாவிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததும் ஒரு பாரம்தான்.

விவேக்குக்கு நான் யார் என்று தெரியாது. அவன் வைரவனின் மகன், சிங்கப்பூரில் வேலை, யாரோ வாட்ஸ்அப்பில் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

"ரெண்டு வர்க்‌ஷாப்ல கேட்டுட்டேன் அக்கா. எல்லாத்தையும் சுரண்டிட்டு ஃபுல்லா ஸ்ப்ரே பண்ணணும்ங்கறாங்க. அப்பா ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. பழைய பெயிண்ட்தான் வேணுமாம். அடுத்த மாசம் அவருக்கு எண்பதாங் கல்யாணம். இந்தக் காடியிலதான் கோயிலுக்குப் போவேன்னு ஒரே பிடிவாதம் லா."

"எத்தன வருஷம் வெளியில கெடந்துச்சு?"

"ரம்புத்தான் மரத்தடியில இருபது வருஷம் இருக்கும். முடியுமா அக்கா?"

"பத்து நாள் ஆகும்" என்றேன். தோள் என்னைத் திட்டியது.

அப்பா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தேழு வயது, வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். வாசலில் யார் என்று கேட்டார். மறைக்கலாம் என்று பார்த்தேன். போர்ச்சில் பத்து நாள் நிற்கப்போகும் காரை எங்கே கொண்டுபோய் மறைப்பது? சொன்னேன்.

அப்பா டிவியை அணைக்கச் சொன்னார். வெளியே வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நீ வேலைய செய் புஷ்பா. நீதான் பெயிண்ட்ட பாத்தே எல்லாம் சொல்லுவியே. பவுடர் போட்டேனா இல்லையான்னு காடிகிட்ட கேளு. அது என்ன சொல்லுதோ அத வந்து என்கிட்ட சொல்லு. அதுக்கப்புறம் வந்து பாக்கறேன்."

ஒருவேளை பவுடர் என்று தெரிந்துவிட்டால்? அதை அவர் யோசிக்கவே இல்லை. நான்தான் யோசித்தேன்.

பழைய காலத்துப் பெயிண்டுக்கு மேல் இப்போது போல் கண்ணாடிப் பூச்சு கிடையாது. நிறம்தான் தோல். அந்தத் தோல் வெயிலில் எண்ணெய்ப் பசை இழந்து மேலே பொடிப் பொடியாகச் செத்துப்போயிருக்கும். அவசரக்காரன் மெஷினை வைத்துச் செத்ததை வழிப்பான், அதோடு உயிரோடிருப்பதும் போய்விடும். முதலில் அதற்குத் தீனி போட வேண்டும். எண்ணெய் பிசுபிசுக்கும் பழைய வகைப் பாலிஷைத் துவாலையில் எடுத்துக் கையாலேயே அழுத்தித் தேய்த்து, மறுநாள் காலைவரை அப்படியே விட்டு, துடைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். மூன்று நாள், நான்கு நாள், பெயிண்ட் குடிப்பதை நிறுத்தும் வரைக்கும். துவாலையெல்லாம் ரோஜா நிறமாகிவிடும். எத்தனை முறை அலசினாலும் போகாது.

பின்னாலிருக்கும் பூட் மூடியிலிருந்து தொடங்கினேன். பிறகு கூரை, பிறகு கதவுகள். ஒரு கதவுக்கு ஒரு காலை. என் கணவர் திருச்செல்வம் விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். சாயங்காலம் வந்து என் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். "ஊர்க் காருக்கெல்லாம் நீ தேய்க்கற, ஒனக்கு நான் தேய்க்கறேன்" என்பார். சிரிப்பதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.

நான்காம் நாள் பின்கதவைத் துடைத்தபோது அடியிலிருந்து அந்த நிறம் வந்தது. கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற சிவப்பு. எதிர்வீட்டு வேலியும் என் தலைமுடியும் அதில் தெரிந்தன. இத்தனை வருடமாகத் தேய்க்கிறேன், இந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் எனக்குச் சலிப்பு வந்ததில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தினமும் ஒரே கேள்வி. "பானெட்டுக்கு வந்தாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். பயம்.

ஏழாம் நாள் வேறு வழியில்லை. பெயிண்ட் கனத்தை அளக்கும் சின்னக் கருவியை பானெட்டில் அங்கங்கே வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து மைக்ரான், நூறு, தொண்ணூறு. வயதுக்கு நல்ல உடம்புதான். நடுவில், முன்விளிம்பை ஒட்டி, அந்த இடத்துக்கு வந்ததும் நாற்பது என்றது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் இருபது. நட்டநடுவில் நிறமே இல்லை, அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரிந்தது. என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. முப்பத்தைந்து வருடமாகக் கேட்ட கதையை அன்றுதான் தொட்டேன்.

விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் குனிந்தேன். பாத்திரம் தேய்க்கும் பவுடர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எத்தனை வீட்டுக்காரிகள் செய்த கோலத்தை நான் சரிசெய்திருக்கிறேன். ஆழமான கீறல்கள் இருக்கும், வட்ட வட்டமாக, கை போன இடமெல்லாம். இதில் ஒரு கீறல் இல்லை. பல வருடம் கால் பட்ட வாசற்படி போல வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரே நாளில் முரட்டுத்தனமாகச் செய்ததில்லை இது. கொஞ்சம் கொஞ்சமாக, தினமும், பதமாக யாரோ செய்தது.

பானெட்டின் முன்விளிம்பில் ஒரு குரோம் பட்டை ஓடும். அதன் அடியில் பல்குச்சியை விட்டுக் கிளறினேன். கெட்டிப்பட்டிருந்த வெள்ளைத்தூள் உதிர்ந்தது. காகிதத்தில் தட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் நசுக்கினேன். மாவாகக் கரைந்தது. நடுவில் மஞ்சளாகச் சந்தனத் துணுக்கு. சிவப்பாகக் குங்குமம், கடுகளவு.

திருநீறு.

சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கி வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். சாம்பல் தேய்க்கும் என்று எஸ்டேட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் திருநீறும் சாம்பல்தானே என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கே அந்தக் காகிதத்தைப் பார்க்கும் வரை தோன்றவில்லை.

அப்பா பொய் சொல்லவில்லை. அவர் பவுடரைத் தொடவில்லை. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன், இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. இதைப் போட்டது யார்?

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"ஏம்ப்பா, காடிக்குத் திருநீறு வைப்பீங்களா?"

"வைக்காம? லாயர் ஐயா உத்தரவு அது. திருநீறு இல்லாம காடி கேட்ட தாண்டக் கூடாது. காலையில மொத வேலையே அதுதான். குளிச்சிட்டு வந்து, நேத்து வெச்சத தொடைச்சிட்டு, இன்னிக்கு மூணு பட்டை, நடுவுல சந்தனப் பொட்டு, அதுக்கு மேல குங்குமம்."

"எதால தொடைப்பீங்க? ஈரத்துணியா?"

என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இருந்தது. "காடி கழுவற துணி டயர் தொட்ட துணி. அதால சாமி திருநீறத் தொடைக்கறதா? வேட்டித் துணி ஒண்ணு தனியா வெச்சிருந்தேன், டேஷ்போர்டுல. காஞ்ச துணி. தண்ணி பட்டா வழிஞ்சு கீழ ஓடும், கால்ல மிதிபடும். காஞ்ச துணியில கீழ சிந்தாம நல்லா வழிச்சு எடுப்பேன். ஒரு நாள் தப்பினதில்ல. பதினோரு வருஷம்."

அப்படிச் சொல்லும்போது அவர் கை காற்றில் வலமிருந்து இடமாக ஒரு முறை வழித்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்துணி என்றால் சாம்பல் கரைந்து வந்திருக்கும், காய்ந்த துணியில் தினமும் வழித்தால் பெயிண்ட்டை அரைத்துவிடும்.

"ஏன் கேக்கற? காடி என்ன சொல்லுச்சு?"

"இன்னும் பாக்கலப்பா" என்றேன். வாழ்நாளில் அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அது.

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இவரைக் குற்றமற்றவர் என்று நிரூபிக்க ஒரே சாட்சி அந்தத் திருநீறு. அதே திருநீறுதான் பெயிண்ட்டைத் தின்றது இவர் கை என்றும் சொல்கிறது. பக்தியோடு செய்ததற்கு இப்படி ஒரு கூலியா? எனக்கு எல்லாமே அலுத்துப்போனது. யாராவது வந்து இந்தக் காரை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தது.

மீதி மூன்று நாளில் பானெட்டை முடித்தேன். அந்த இடத்தில் மட்டும் எண்ணெயை விரலால் தடவிவிட்டு, தேய்க்காமல் விட்டேன். சுற்றிலும் கறுஞ்சிவப்பு பளபளக்க, நடுவில் அது மட்டும் மங்கலாக நின்றது.

பத்தாம் நாள் காலை விவேக் தன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தான். வைரவனை நான் பார்த்ததே இல்லை. பெரிய உருவமாக நினைத்து வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டைக்குள் ஒடுங்கிப்போன ஒரு கிழவர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நெற்றியில் மூன்று பட்டை. காரைச் சுற்றி மெதுவாக நடந்தார். ஒரு கதவில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படிம்மா இத கொண்டுவந்த?" என்றார்.

"நான் எதையும் கொண்டுவரல ஐயா. உள்ளதான் இருந்துச்சு."

பானெட்டுக்கு வந்தார். அந்த இடத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இது மட்டும் போகாதா?"

"போகாது. நிறமே இல்ல அங்க."

"பானெட் மட்டும் ஸ்ப்ரே பண்ணிடலாம்ப்பா" என்றான் விவேக்.

வைரவன் காதில் வாங்கவில்லை. "வேலுன்னு ஒரு டிரைவர் இருந்தான். அவன் செஞ்ச வேலை. பவுடரப் போட்டுத் தேய்ச்சிட்டு இல்லேன்னு சாதிச்சான். அனுப்பிட்டேன். நல்ல பையன்தான், பொய் சொல்லாம இருந்திருக்கலாம்."

"பொய் சொல்லல ஐயா" என்றேன். "நான் வேலு மக. புஷ்பவள்ளி."

விவேக் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் காகிதத்தைப் பிரித்து பானெட்டின் மேல் வைத்தேன். பவுடர் எப்படிக் கீறும், இது எப்படித் தேய்ந்திருக்கிறது, அந்தத் தூள் எங்கிருந்து வந்தது, எல்லாம் சொன்னேன். வைரவன் விரலால் தொட்டார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உரசினார். எண்பது வருடம் நெற்றியில் பூசியவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"தினமும் வைக்கச் சொன்னது நான்தான்" என்றார் கடைசியில்.

"ஆமா ஐயா."

"காஞ்ச துணியிலதான் தொடைப்பான். பாத்திருக்கேன்." காகிதத்தை மடிக்கத் தெரியாமல் மடித்தார். "கோர்ட்டுல அடுத்தவனுக்கு ஆதாரம் கேட்டே காலம் போச்சு. இவன்கிட்ட நான் ஒரு வார்த்த கேக்கல. இருக்கானா?"

"உள்ள இருக்காரு. தொடைச்சதாலதான் தேஞ்சதுன்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க."

தலையை ஆட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று வாக்கரைத் தட்டிவிட்டார். அந்த அவசரத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் திட்டித் தீர்த்த ஆளுக்கு எழுந்து நிற்கிறார்.

"உக்காரு வேலு. நீ பவுடர் போடல. எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒன் மக கண்டுபிடிச்சிருச்சு. நான்தான் தப்பா பேசிட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். முப்பத்தைந்து வருடம் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு சொல்லும் வரவில்லை. "காடியப் பாக்கணும்" என்றார்.

முன்னால் வாக்கர், பக்கத்தில் நான். போர்ச்சுக்கு வந்து சேரவே பத்து நிமிடம் ஆனது. காரைப் பார்த்ததும் அப்பா சிரித்தார். பல் போன வாயில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்து வருடங்களாகிவிட்டன. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். என்ன செய்யப்போகிறார் என்று புரிவதற்குள் மூன்று விரலால் பானெட்டின் நடுவில், அதே இடத்தில், மூன்று பட்டை இழுத்துவிட்டார். கை நடுங்கியதால் கோடு கோணலாகிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைக்கப் போனார்.

வைரவன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "இருக்கட்டும் வேலு. தொடைக்காத."

"கோணலா இருக்குய்யா. வழிச்சிட்டு நேரா வைக்கறேன்."

"இருக்கட்டும்ங்கறேன்ல."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அப்பா நின்றார். தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கையிலிருந்த காய்ந்த துண்டைப் பார்த்தார். பிறகு பட்டைகளுக்கு அடியில் மங்கித் தெரிந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். அவர் முதுகு குனிய மறுத்தும் குனிந்தார்.

"ஏம்மா" என்றார் என்னைப் பார்க்காமலே. "அன்னிக்கு ஈரத்துணியான்னு கேட்டியே."

நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப இது என் கைதானா?"

"நான் வைக்கச் சொல்லித்தானே வெச்ச" என்றார் வைரவன்.

அப்பா வாக்கரைப் பிடித்தபடி நின்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது. தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது.

"பவுடர் போடலதானே?" என்று கேட்டார் அப்பா.

"போடல" என்றார் வைரவன்.

"பொய் சொல்லலதானே நான்?"

"சொல்லல வேலு."

அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மூச்சு வாங்கியது. கோணல் பட்டையை இன்னொரு முறை பார்த்தார், அதை அப்படியே விட அவருக்கு மனசு வரவில்லை என்று தெரிந்தது.

"புஷ்பா" என்றார். "புதுத் துணியா ஒண்ணு எடு. தண்ணியில நல்லா நனைச்சுக் கொண்டா."